முகம் தெரியணுமா

காங்கேயத்துக்கும் ஊதியூருக்கும் நடுவில்
சிமெண்டுக் களம் எனக்கு, ரெண்டு ஏக்கர்.
மாசியில் பதினோரு மூட்டைப் பருப்பு குறைந்தது.
எலி தின்றால் கோணி கிழிந்து கிடக்கும்.
கோணியையே காணோம்.

தாராபுரத்திலிருந்து தவ்பீக் வந்தான்,
வண்டியின் பக்கவாட்டில் ஏணியைக் கட்டிக்கொண்டு.
களத்தை ஒரு சுற்று நடந்துவிட்டுக் கேட்டான்:
“முகம் தெரியணுமுங்களா,
ஆள் வந்தது தெரிஞ்சாப் போதுமுங்களா?”

மூன்று கடை விலைப்பட்டியல் வாங்கியிருந்தேன்.
ஒன்றிலும் இந்தக் கேள்வி இல்லை.
அகலப் பார்க்கிற கண்ணாடி
காய்கிற பருப்பை முழுக்கக் காட்டும்,
ஆளைக் கடுகாக்கிவிடும்.
குறுகப் பார்க்கிறது
கேட்டில் நிற்பவன் மீசையை எண்ணும்,
பக்கத்து மதிலில் ஏறுகிறவனை அறியாது.
ரெண்டும் ஒரே கண்ணில் கிடைக்காதா என்றேன்.
“கெடைக்குமுங்க. வெலயச் சொன்னா
ஏணிய எடுத்துட்டுக் கெளம்புன்னுருவீங்க.”

ஒரே வயரில் கரண்டு போகுமாம்,
அதிலேயே படம் திரும்பி வருமாம்.
அதற்கொரு பெட்டி, எட்டு ஓட்டை.
நூறு மீட்டர் தாண்டினால் படம் சோர்ந்துபோகும்.
மேற்கு மூலை நூற்றுப் பத்து.
அந்தப் பத்து மீட்டருக்காகப்
பெட்டியையே ஆபீசிலிருந்து
கோணி அறைக்குக் குடிவைத்தோம்.
“செம்புதானான்னு சுரண்டிப் பாருங்க,
அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சுப் பூசி
வித்துப்போடறாங்க” என்று
அவனே பிளேடை நீட்டினான்.
சுரண்டினேன். செம்பு.
அதற்கப்புறம் பேரம் பேசவில்லை.
பேசினேன், கொஞ்சமாக.

“எத்தன நாள் ஞாபகம் வேணுமுங்க?”
டிஸ்க்கைத்தான் கேட்கிறான்.
நிறைந்ததும் பழசை அழித்து
அதன் மேலேயே புதுசு எழுதிக்கொள்ளுமாம்.
கொழுந்தனார் களத்தின் குறுக்கே
கயிறு பிடித்துப் பங்கு பிரித்த நாளைப்
பத்தொன்பது வருஷமாக வைத்திருக்கிறேன்,
ஒரு சொல் அழியவில்லை.
முப்பது நாள் போதும் என்றேன்.

கரண்டு போனால் தாங்க ஒரு பேட்டரி,
இடி விழுந்தால் அது மண்ணுக்குள் போக
தேங்காய்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழி.
ஏழு ஓட்டைக்கு இடம் சொல்லியாயிற்று.
எட்டாவதைப் பிற்பாடு பார்க்கலாம் என்றபோது
ரங்காத்தாள் வந்து நின்றாள்,
பருப்புத் தோண்டுகிற கத்தி இன்னும் கையில்.
கிலோ கணக்கில் கூலி அவளுக்கு.

“ஏனுங்க, அந்த எட்டாவதத்
தராசுக்கு மேல வெச்சுப்போடுங்களே.
நம்பரு தெரியற மாதிரி.”

தராசில் நிறுப்பது நான்.
நாற்பத்தொன்று எழுநூறு என்று விழுந்தால்
நாற்பத்தொன்று என்று எழுதுவதும் நான்.
ஈரம் என்றும் தூசி என்றும்
அந்த எழுநூறுக்குப் பெயர் வைத்திருந்தேன்.
தவ்பீக் ஏணியின் நடுப்படியில் நின்றான்.
என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.
“அதுக்குக் குறுகலானதுதான் போடோணும்”
என்றான், ஸ்குரூ டிரைவரிடம்.

ஒரு லாரி ஹாரன் அடித்துப் போகிறவரை
யாரும் பேசவில்லை.
போடு என்றேன்.

கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை
அன்றைக்கே மாற்றச் சொன்னான், மாற்றினேன்.
என்னவென்று இங்கேயும் சொல்லமாட்டேன்.

மதிலோரம் அசைவு என்று
ராத்திரி ரெண்டு மணிக்கு போன் கத்தியது.
டார்ச்சும் தடியுமாக ஓடினேன்.
கேமராவின் சூட்டுக்கு வந்த பூச்சியைப் பிடிக்கக்
கண்ணாடி மேலேயே வலை கட்டியிருந்தது சிலந்தி.
இப்போது வாராவாரம்
நீளக் கம்பில் துடைப்பம் கட்டி
எட்டுக் கண்ணையும் துடைக்கிறேன்.
பதினோரு மூட்டை எங்கே போனதென்று
இன்னும் தெரியவில்லை.

எட்டாவது படத்தில் முகம் விழாது.
தராசு, சிவப்பு நம்பர்,
பேனா பிடித்த ஒரு வளையல் கை.
ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.
கை இப்போது எழுநூறையும் எழுதுகிறது.
முப்பது நாள் கழிந்தால்
அதுவும் அழிந்துபோகும்.